வீசாத பரோட்டா பரோட்டாவா?

செங்காந்தள் | சனி, இரவு 9:40

வீட்டில் நடந்த ஒரு சின்ன அவமானத்தை இங்கே கொட்டிவிட்டுப் போகிறேன்.

மாமனார் விருதுநகர்க்காரர். எண்ணெய்ப் பரோட்டா தின்று வளர்ந்த உடம்பு. கண் ஆபரேஷனுக்காக வந்து ஒரு வாரமாக எங்களோடு இருக்கிறார். தூசி படக்கூடாது என்பதால் கடைக்குக் கூட்டிப்போக முடியாது. நாமே செய்துவிடலாம் என்று யூடியூப் பக்கம் போனேன். "பிசைய வேண்டாம், தேய்க்க வேண்டாம், வீச வேண்டாம், பத்தே நிமிஷம்" என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். மைதாவைத் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, காய்ந்த கல்லில் முறுக்கு மாதிரி நூல் நூலாகச் சுற்றி ஊற்ற வேண்டும். மேலே நெய். ஒரு திருப்பு. அவ்வளவுதான்.

பார்க்க அழகாகவே இருந்தது. படம் எடுத்து அக்காவுக்குக்கூட அனுப்பினேன். மாமா ஒரு விள்ளல் பிய்த்தார். பிய்யவில்லை, இழுபட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். சால்னாவில் தோய்த்து, வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்துவிட்டு, "நல்லாருக்கு தாயி. இதுக்குப் பேரு என்ன?" என்றார்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் வலித்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். வீட்டில் யாரும் வீசப்போவதில்லை. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விட்டாலும் பரோட்டாவாகவே இருக்கும், எதை விட்டால் பெயரே மாறிவிடும்?

மாசிவீதி_முத்து | சனி, இரவு 9:58

பேரு "மைதா முறுக்கு". அடுத்த கேள்வி?

சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. ஆனா விசயம் அதான். வீசணும். வீசலைன்னா அது பரோட்டா இல்ல. எங்க ஊர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு எந்தக் கடை வாசல்லயும் போய் நில்லுங்க. மாவு கல்லுல விழுற சத்தம் அங்கிட்டு முக்கு வரைக்கும் கேக்கும். பாதி ருசி அந்தச் சத்தத்துலயே வந்துரும். பாட்டில்ல ஊத்துறதுக்கு எல்லாம் எதுக்கு அந்தப் பேரு? "மைதா ஊத்தப்பம்"னு வச்சுக்கிட்டா யாரும் சண்டைக்கு வரப்போறதில்ல.

பீளமேடு_வாணி | சனி, இரவு 10:20

ஏனுங்க, இப்படி ஒரே அடியா அடிச்சா எப்படிங்க. பாட்டில் சமாச்சாரம் எனக்கும் ஆகாதுங்க. ஆனா வீசாம நல்ல பரோட்டா வருமுங்க. நான் மாசத்துக்கு ரெண்டு தடவை போடறேன்.

உருண்டையைப் பூரிக்கட்டையில எவ்வளவு மெல்லிசா முடியுமோ அவ்வளவுக்குத் தேய்ச்சுக்கோங்க. வட்டமா வரணும்னு அவசியமில்லைங்க, கன்னியாகுமரி மேப் மாதிரி வந்தாலும் சரி. மேல எண்ணெயை நல்லாப் பூசி, சிட்டிகை மாவு தூவி, கத்தியால ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் நெருக்கமா கீறல் போட்டுருங்க. நூடுல்ஸ் மாதிரி நாடா நாடாவா இருக்கும். அதையெல்லாம் ரெண்டு கையாலயும் ஒண்ணாச் சேர்த்து அள்ளி, லேசா இழுத்து, சுருட்டி வெச்சுட்டுப் பத்து நிமிஷம் கழிச்சுக் கையாலயே தட்டிக் கல்லுல போடுங்க. எங்க பக்கம் இதை நூல் பரோட்டான்னே சொல்லி விக்கறாங்க.

எங்க வீட்டுல குழந்தைங்க கடைப் பரோட்டாவை விட இதைத்தான் கேக்குதுங்க.

மாவும்_நீரும் | ஞாயிறு, காலை 6:15

ரொட்டி சுடுவது என் பொழுதுபோக்கு. அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

மைதாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து குளூட்டன் வலையாகின்றன. முதலாவது பிடிவாதக்காரர், இழுத்தால் பழைய இடத்துக்கே திரும்புவார். இரண்டாவது விட்டுக்கொடுப்பவர், இழுத்த பக்கம் வருவார். பிசைந்த உடனே பிடிவாதம் கை ஓங்கி இருக்கும். தேய்க்கத் தேய்க்கச் சுருங்குகிறதே, அது இதனால்தான். எண்ணெயில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் வலை இளகிவிடும். அதன்பிறகு மேசை மேல் வைத்து விரலாலேயே காகிதம் போல விரிக்கலாம்.

அடுத்தது மடிப்பு. மாவுத் தாள்களுக்கு நடுவே எண்ணெய் இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டாது. கல்லில் போட்டதும் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகித் தாள்களை விலக்கும். செங்காந்தள் செய்ததில் எண்ணெய் மேலே மட்டும்தான் இருந்தது, நூலுக்கும் நூலுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. ஈரமாவு ஈரமாவோடு ஒட்டி ஒரே தகடாகிவிட்டது. அதனால்தான் இழுபட்டது.

வாணி சொல்லும் கத்தி முறையில் நடுவில் எண்ணெய் இருக்கிறது. ஆகவே பிரியும். ஆனால் நூலாகப் பிரியும், இதழாகப் பிரியாது. வீசினால் கிடைப்பது இதழ். இரண்டுக்கும் வாயில் வித்தியாசம் தெரியும்.

அளவு வேண்டுமென்றால்: மைதா 500 கிராம், தண்ணீர் 290 மில்லி, எண்ணெய் 30 மில்லி, சர்க்கரை 15 கிராம், உப்பு 10 கிராம். எழுபது கிராம் உருண்டையாகப் பிடித்தால் பன்னிரண்டு வரும்.

பீளமேடு_வாணி | ஞாயிறு, காலை 8:02

வெந்நீர்ல பிசைஞ்சா ஊற வைக்கவே வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாங்களே, அது எப்படிங்க?

மாவும்_நீரும் | ஞாயிறு, காலை 8:30

மெத்தென்று இருக்கும், ஆனால் இழுத்தால் விரியாது. நல்ல சூடான தண்ணீர் பட்டால் மாவுச்சத்து அங்கேயே பாதி வெந்து, குளூட்டன் வலையும் பலமிழந்துவிடும். சப்பாத்திக்குச் சரி. பரோட்டாவுக்குத் தாள் போல விரிய வேண்டுமே.

வல்வை_அகிலன் | ஞாயிறு, காலை 9:47

ரொறன்ரோவிலை இருந்து எழுதுறன். நீங்கள் வீச்சோ கத்தியோ எண்டு அடிபடுறியள். எங்கடை வீட்டிலை கத்தரிக்கோல்.

இரவு வேலை முடிஞ்சு விடியப்பறம் வந்தால் மா குழைக்க ஆருக்கு ஏலும்? ஃப்ரீசரைத் திறந்து பக்கற்றை எடுத்து, ஒவ்வொண்டுக்கும் இடையிலை கிடக்கிற பிளாஸ்ரிக் தாளை நகத்தாலை உரிச்சு, குளிரோடையே தாச்சியிலை போடுறது. நாலு நிமிசத்திலை பொங்கி வரும். ரெண்டு பக்கமும் சிவந்தவுடனை எடுத்துக் கத்தரிக்கோலாலை வெட்டி, முட்டை, லீக்ஸ், முதல்நாள் இறைச்சிக்கறி எல்லாம் போட்டுக் கிளறினால் கொத்துரொட்டி. சத்தம் மட்டும் வராது. ஊரிலை கொத்துச் சத்தம் கேட்டுத்தான் கடை எங்கை இருக்கெண்டே கண்டுபிடிப்பம்.

ஒரு விசயம் சொல்ல வேணும். உங்கடை மைதாவைத்தான் நாங்கள் கோதுமை மா எண்டு சொல்லுறது. ஊரிலை கொத்துக்குப் போடுறதும் மடிப்பு வைச்ச பராட்டா இல்லை, மெல்லிசா வீசின ரொட்டி. அப்ப நான் செய்யிறது ரெண்டு விதத்திலையும் பிழை. ஆனால் என்ரை மகளுக்கு அந்தப் பக்கற்தான் பராட்டா. போன வருசம் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடையிலை வாங்கிக் குடுத்தன். "அப்பா, இது ஏன் வட்டமா இல்லை?" எண்டு கேட்டாள்.

ஆடிட்டர்_சேது | ஞாயிறு, காலை 11:05

பெயர்ச் சண்டை என்றால் அதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு.

2020இல் கர்நாடகத்தின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம், பாக்கெட் பரோட்டா ரொட்டி வகையில் சேராது என்றது. ரொட்டி, சப்பாத்திக்கு 5 சதவீதம், பரோட்டாவுக்கு 18. மடிப்பையோ வீச்சையோ பார்த்து அவர்கள் முடிவு செய்யவில்லை. வாங்கியதை அப்படியே தின்ன முடியாது, மறுபடி கல்லில் சூடாக்க வேண்டும் என்பதே முக்கியக் காரணம். நாடே அப்போது கொரோனா பயத்தில் இருந்தது, ஆனாலும் இணையத்தில் இதற்குக் கிளம்பிய கூச்சல் இருக்கிறதே! 2024இல் கேரள உயர் நீதிமன்றம் 5 சதவீதம்தான் என்றது. கடைசியில் 2025 செப்டம்பர் 22 முதல் சப்பாத்தி, பரோட்டா எல்லாவற்றுக்கும் வரியே கிடையாது.

ஆக, சப்பாத்தியோடு சொந்தம் கொண்டாட பரோட்டாவுக்கு ஐந்து வருஷம் பிடித்தது.

நலம்_நாடி | ஞாயிறு, காலை 11:30

எல்லாரும் மைதா எவ்வளவு பெரிய விஷம் என்பதை மறந்துவிட்டு...

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 11:41

மைதா உடல்நலம் பற்றி ஏற்கனவே 61 பக்கத்தில் ஒரு இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள். முந்தைய பதிவின் மீதி பகுதியை அந்த இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

மங்கை_54 | ஞாயிறு, மதியம் 2:10

என் பெயரில் இருப்பது பிறந்த வருஷம். வயது தெரிந்துவிட்டதா, இனி தைரியமாகப் பேசுகிறேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் கிராமம் எங்களுக்கு. கோதுமை என்பதே காய்ச்சல்காரனுக்கும் சர்க்கரைக்காரனுக்கும் உள்ள தீனி. யார் வீட்டிலாவது சப்பாத்தி வாசம் வந்தால் "யாருக்கு முடியலை?" என்று கேட்டுக்கொண்டு போவோம். பரோட்டா என்பது அப்பா டவுனுக்குப் போய் வரும்போது இலையில் மடித்துக் கொண்டுவருவது. நாங்கள் பிரிப்பதற்குள் ஆறி, சால்னா குடித்து, சொதசொதவென்று இருக்கும். அதுதான் எனக்குப் பரோட்டாவின் ருசி. கல்லிலிருந்து எடுத்த சூட்டில் நான் முதன்முதலாகத் தின்றது கல்யாணத்துக்குப் பிறகு. எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்போது பரோட்டாக் கடைக்குள் போய் உட்கார மாட்டார்கள்.

நான் சொல்ல வருவது, எந்தப் பாட்டியும் பரோட்டா வீசியது கிடையாது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் "எங்க ஆத்தா இப்படிச் செய்யாது" என்று சண்டை போடலாம். இதற்கு வீட்டுக் கைமணமே இல்லை. ஆண்கள் கடையில் செய்து ஆண்கள் தின்ற பண்டம். வீட்டில் எப்படிச் செய்தாலும் அது நகல்தான். நகலில் எது நல்ல நகல் என்று வேண்டுமானால் பேசலாம்.

இன்னொன்று. மைதாவே திருகையில் வராது. தவிட்டையும் முளையையும் பிரித்துத் தள்ளும் உருளை ஆலை வந்தபிறகுதான் இவ்வளவு வெள்ளை மாவு மலிவாகக் கிடைத்தது. கடையில் ஊற்றிய வனஸ்பதியும் ஆலைச் சரக்கு, டால்டா வந்ததே 1937இல். என் பெரியண்ணன் வயது. ஆலை மாவையும் ஆலை நெய்யையும் வைத்துக்கொண்டு பாரம்பரியம் பேசுகிறீர்களே முத்து, நியாயமா?

மாசிவீதி_முத்து | ஞாயிறு, மதியம் 2:46

அம்மா, வயசை முதல்லயே சொல்லிட்டீங்க, அதனால குரலை உயர்த்தாம பேசுறேன்.

பாரம்பரியம்னு நான் சொல்லவே இல்ல. பழசா புதுசாங்கறது எனக்கு முக்கியமில்ல. கை வேலை. அம்பது வருசத்துப் பழக்கமா இருந்தாலும் அதுல ஒரு வித்தை இருக்குல்ல? அதை விட்டுட்டா மிச்சம் என்ன இருக்கு, வெந்த மைதாதானே?

கல்லடி_அண்ணாச்சி | ஞாயிறு, இரவு 11:52

கடையை அடச்சிட்டு இப்பந்தான் உக்காருதேன். எல்லாத்தையும் வாசிச்சேன். பதினாலு வருசம் கல்லு முன்னாடி நின்னவன், தூத்துக்குடிப் பக்கம் நாலஞ்சு கடையில. இப்ப திருப்பூர்ல சொந்தமா சின்னக் கடை.

வித்தைன்னு முத்து சொல்லுதாரு. சந்தோசம். ஆனா வீச்சு எதுக்கு வந்துச்சுன்னு யாரும் கேக்கல. ஒரு ராத்திரிக்கு 25 கிலோ மைதா போட்டா ஐநூத்துச் சொச்சம் பரோட்டா. ஒவ்வொண்ணையும் கட்டையால தேய்ச்சுக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும். வீசுனா ஒரு உருண்டைக்கு அஞ்சாறு செகண்டு. விரல்ல எடுத்து, ரெண்டு தட்டு, ஒரு சுழட்டு, பலகையில அடி, இன்னொரு அடி, தாளு முழங்கை நீளத்துக்கு வந்துரும். அப்படியே கொசுவி, சுத்தி, தள்ளி வச்சிட்டு அடுத்தது. ஆக வீச்சுதாம்ய்யா குறுக்கு வழி! கத்தி வச்சுக் கீறுத வாணியம்மாதான் சுத்து வழியில போறாங்க. பன்னெண்டு பரோட்டாவுக்கு வீச்சு தெரியலையேன்னு வீட்ல இருந்து அழுறது, நாலு இட்லிக்குக் கல்யாண அண்டா தேடுற கதை.

நான் படிச்சது ஈரத்துண்டுல. மாவைத் தொடவே விடமாட்டாங்க. துண்டை நனைச்சுப் பிழிஞ்சு அதை வீசணும். மூணு மாசம். மேசையில தண்ணி தெறிச்சா தலையில கொட்டு.

சரி, எதை விடலாம்னு தங்கச்சி கேட்டிச்சு. வீச்சை விடலாம். விடக்கூடாதது ரெண்டு.

ஒண்ணு ஊறல். காலையில பதினொரு மணிக்குப் பிசைஞ்சா ஒரு மணிக்கு உருண்டை போடுவோம். உருண்டை எண்ணெய்க்குள்ள கெடக்கணும், ஈரத்துணி போட்டு மூடணும். அஞ்சு மணிக்குத்தான் முதல் வீச்சு. ஒரு தடவை, கோயில் கொடை நாளு, சீக்கிரமே மாவு தீர்ந்து போச்சு. மொதலாளி நிக்காரு, கூட்டம் நிக்கி. புதுசாப் பிசைஞ்சு அரை மணி நேரத்துல எடுத்து வீசுனேன், நடுவுல கிழிஞ்சு கிழிஞ்சு வருது. சோடாப்பைக் கூடப் போட்டுப் பிசைஞ்சேன். வீச வந்துச்சு. ஆனா பரோட்டா மஞ்சப் பூத்து, ஆறுனதும் செருப்பு மாதிரி ஆயிட்டு. ஒரு பெரியவர் எலையோட கொண்டாந்து எம் முன்னால வச்சிட்டு ஒண்ணுஞ் சொல்லாமப் போனாரு. மொதலாளி திட்டுனதுகூட மறந்து போச்சு, அவரு மூஞ்சி மறக்கல.

ரெண்டாவது அடி. இதை வீட்ல யாருமே செய்யதில்ல. கல்லுல இருந்து எடுத்ததும் அஞ்சாறை அடுக்கி, சூடு ஆறுததுக்குள்ள ரெண்டு உள்ளங்கையாலயும் பக்கவாட்டுல இருந்து அடிச்சு நொறுக்கணும். அப்பந்தான் இதழ் விடும். உள்ளங்கை வெந்துரும், பழகணும். வீட்ல சுத்தமான துணியில வச்சுச் சுருட்டி ரெண்டு குத்து குத்துங்க, போதும். யூடியூப்ல படம் எடுக்கணும்னு முழுசா தட்டுல வைக்காங்க. அது பரோட்டா பொம்மை.

எனக்கு வலது தோள் போயிட்டு. கைய தலைக்கு மேல தூக்கினா உள்ளுக்குள்ள கடகடங்கும். கடையில பயலுவதான் வீசுதானுவ. வீட்ல எம் பொண்டாட்டி கத்தியாலதான் போடுதா. அவ போட்டா நான் ரெண்டு கூடத்தான் திங்கேன்.

மாசிவீதி_முத்து | திங்கள், காலை 7:20

அண்ணாச்சி, கும்பிட்டுக்கறேன். "வீச்சுதான் குறுக்கு வழி"ங்கறதை ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டு இருந்தேன். பதில் தெரியல.

ஆனா ஒண்ணை விடமாட்டேன். வீட்ல யாரு எப்படிச் சுட்டாலும் எனக்குக் கவலையில்ல. போன மாசம் பைபாஸ்ல ஒரு கடை. வாசல்ல "கல்லு பரோட்டா"ன்னு போர்டு. உள்ள எட்டிப் பாத்தா பாக்கெட்டைப் பிரிச்சுக்கிட்டு இருக்கான். ஒண்ணு நாப்பது ரூவா. அகிலன் அண்ணன் தாச்சியில போட்டா அது அவரு வீட்டுச் சாப்பாடு. இவன் அதையே போர்டு வச்சு வித்தா ஏமாத்து. போர்டுல "பாக்கெட் பரோட்டா"ன்னு எழுது, நானே வாங்கித் திங்கறேன்.

ஆடிட்டர்_சேது | திங்கள், காலை 8:15

இதில் மட்டும் முத்து பக்கம்.

வல்வை_அகிலன் | திங்கள், காலை 8:50

நானும். ஆனால் முத்து, "ஏமாத்து" எண்டுறது கொஞ்சம் கடுமை. இஞ்சை கடை நடத்துறவை சொல்லுவினம், வீசத் தெரிஞ்ச ஆள் கிடைக்கிறதில்லை, கிடைச்சாலும் ரெண்டு வருசத்திலை வேறை வேலைக்குப் போயிடுவார் எண்டு. அண்ணாச்சியின்ரை தோளை வாசிச்ச பிறகு போறவனை எப்பிடிக் குறை சொல்லுறது?

பினாங்கு_சுப்பு | திங்கள், மாலை 5:33

எங்க ஊர் கதையும் கொஞ்சம் கேட்டுக்குங்க. இங்க அதுக்குப் பேரு ரொட்டி சானாய். மலாய்ல சானாய்னா மாவை மெல்லிசாக்குறது. சென்னையில இருந்து வந்த பேருன்னு அடிச்சுச் சொல்றவங்களும் உண்டு, எந்த மேசையில உக்காந்திருக்கோம்னு பாத்துப் பேசிக்கணும். மாவுல சூசு, அதாவது டின் பால் ஊத்துவாங்க. தொட்டுக்கப் பருப்புக் கறி. சால்னா கேட்டா முழிப்பாங்க. காகிதம் மாதிரி கோபுரமா நிக்க வைக்கிற ரொட்டி தீசு, குட்டியா தடிமனா ரொட்டி பொம், சார்டின் வெச்சது, வாழைப்பழம் வெச்சதுன்னு போய்க்கிட்டே இருக்கும். மதுரைக்காரர் பாத்தா மயங்கி விழுந்துடுவாரு.

ஆனா இதே ரொட்டி, நாசி லெமாக், தே தாரே எல்லாம் சேர்ந்த மலேசியக் காலை உணவுப் பழக்கத்தை 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. தமிழ் முஸ்லிம் ஆளுங்க கப்பல்ல கொண்டுவந்த கை வேலை, இன்னிக்கு அந்த நாட்டு அடையாளமா இருக்கு. பால் ஊத்துனதால பேரு கெட்டுடுச்சுன்னு யாரும் சொல்லலையே?

மாசிவீதி_முத்து | திங்கள், மாலை 6:01

வாழைப்பழமா?

பினாங்கு_சுப்பு | திங்கள், மாலை 6:04

மேல கொஞ்சம் சீனியும்.

மாசிவீதி_முத்து | திங்கள், மாலை 6:05

நான் இழையை விட்டுப் போறேன்.

மங்கை_54 | திங்கள், இரவு 7:30

போகாதீர்கள் முத்து, நீங்கள் இல்லாவிட்டால் யாரோடு சண்டை போடுவது?

அண்ணாச்சி, உங்கள் வீட்டம்மா கத்தியால் கீறுவது சரி, கோதுமை மாவில் இதே முறை வருமா? சர்க்கரை எனக்கு வந்துவிட்டது. இப்போது என் வீட்டில் சப்பாத்தி வாசம் வந்தால் யாருக்கு முடியவில்லை என்று கேட்க வேண்டியதில்லை.

மாவும்_நீரும் | திங்கள், இரவு 8:12

அண்ணாச்சி கல்லுக்கு முன் இருப்பார், நான் சொல்கிறேன். முழுக் கோதுமை மாவில் தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் வலையை அங்கங்கே அறுத்துவிடும். வீசினால் கிழியும். ஆனால் கத்தி முறையில் ஏற்கனவே அறுத்துத்தானே சேர்க்கிறோம், அதனால் பாதகமில்லை. மாவைச் சலித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும். மைதா அளவு மெதுமை வராது, நூல் மட்டும் நன்றாகப் பிரியும். சர்க்கரை அளவு ஏறுவதில் இது அதிசயம் எதுவும் செய்துவிடாது, ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அம்மா.

செங்காந்தள் | மறு ஞாயிறு, இரவு 9:15

இழையைத் தொடங்கிவிட்டு ஓடிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மாமாவுக்குக் கட்டு பிரித்தார்கள், அலைச்சல். இன்று செய்தேன்.

காலை ஒன்பதரைக்கு மாவும்_நீரும் அளவில் பிசைந்தேன். பிசைந்த உடனே ஒரு உருண்டையைத் தேய்த்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரி சுருங்கியது. மீதியை அண்ணாச்சி சொன்னபடி எண்ணெயில் போட்டு ஈரத்துணியால் மூடிவிட்டு ஆஸ்பத்திரி போய்விட்டோம். ஒன்றரைக்கு வந்து திறந்தால் உருண்டைகள் தாமாகவே சரிந்து தட்டையாகக் கிடந்தன. எண்ணெய் தடவிய மேடையில் வைத்து விரலால் தள்ளினேன். கட்டையே எடுக்கவில்லை. அடியில் கிரானைட்டின் புள்ளிகள் தெரிகிற அளவுக்கு விரிந்தது. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலை வைத்துக் கிழித்துவிட்டார்.

ஆறு பரோட்டாவுக்குக் கத்திக் கீறல். மீதிக்கு கீறாமல், சேலைக் கொசுவம் மாதிரி மடித்துச் சுற்றினேன். இரண்டாவதில்தான் இதழ் நன்றாக வந்தது. முதலாவது நூல், ஆனால் பிள்ளைகள் அதைத்தான் பிடுங்கித் தின்றார்கள். எடுத்ததும் துணியில் சுருட்டிக் குத்தினேன். அண்ணாச்சி, அந்த ஒரு வேலையில் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. குத்துவதற்கு முன் தட்டையாக இருந்தது, பிரித்தால் வேறு பண்டம்.

வெறும் கல்லில் போடாமல் ஓரத்தில் எண்ணெய் தாராளமாக விட்டேன், விருதுநகர் ஞாபகத்தில். மாமா இன்னும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார், முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒன்றைத் தின்றார். இரண்டாவதைப் பாதி தின்றார். பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "கல்லு சூடு பத்தலை தாயி. ஓரம் மொறுமொறுன்னு வரணும், இது வெளுத்துப்போய்க் கெடக்கு. எங்க ஊர்ல இப்படிக் குடுத்தா திருப்பி விட்ருவோம்."

போன வாரம் பெயர் கேட்டவர் இன்று திருப்பி விட்டுருவோம் என்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாசிவீதி_முத்து | மறு ஞாயிறு, இரவு 9:22

மாமா சரியாத்தான் சொல்லிருக்காரு.

கல்லடி_அண்ணாச்சி | மறு ஞாயிறு, இரவு 11:58

நான்ஸ்டிக்கா? அதுல வராது. இரும்புக் கல்லு, விரல் கனமாவது இருக்கணும். காஞ்ச கல்லுல தண்ணி தெளிச்சா நிக்காம முத்து முத்தா ஓடணும், அப்பம் போடு. ஒண்ணு போட்டு எடுத்ததும் கல்லு சூடு எறங்கிரும், அடுத்ததுக்கு அரை நிமிசம் விடு. உங்க வீட்டுக் கல்லு என்ன கனம்?

செங்காந்தள் | திங்கள், காலை 6:40

அளந்து பார்த்தேன் அண்ணாச்சி. பத்து ரூபாய் நாணயம் ஒன்று வைத்தால் அந்தக் கனம். திருப்பூரில் நல்ல கல் எங்கே கிடைக்கும்? வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறோம்.